நான்கு மாதம் நிற்கும் பாக்ஸ்டர்: ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் விட்டால் போதுமா?

கடலோடி981 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மெர்ச்சண்ட் நேவியில் இன்ஜினியர். ஏறினால் நான்கைந்து மாதம் கப்பல், இறங்கினால் இரண்டு மூன்று மாதம் வீடு. வண்டி 2014 போர்ஷே பாக்ஸ்டர், 981 தலைமுறை, 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர், பிடிகே என்கிற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. திருவான்மியூரில் எங்கள் அபார்ட்மெண்ட் ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிற்கிறது. பீச் நடக்கிற தூரம்தான்.

நான் இல்லாதபோது அப்பா இரண்டு நாளைக்கு ஒரு தரம் கீழே இறங்கி, கவரை எடுத்து, ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் விட்டு அணைக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவ்வளவு தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழுவதே அவருக்குச் சிரமம், ஆனாலும் ஒரு நாள் தவறுவதில்லை. இந்த முறை வந்து பார்த்தால் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கிறது, நான்கு டிஸ்கும் துரு நிறம், உள்ளே ஒரு புழுங்கல் வாடை. ஈசிஆரில் மாமல்லபுரம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிய பிறகு டிஸ்க் பளிச்சென்று ஆனது, வாடை போகவில்லை.

அடுத்த மாதம் மறுபடி ஏற வேண்டும். இப்படி நிற்கிற வண்டியை எப்படி விட்டுப் போவது? அப்பா செய்வது சரிதானா, இல்லை வேறு ஏதாவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா? ஒன்று மட்டும், விற்றுவிடு என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த வண்டிக்காகத்தான் பல வருடம் சேர்த்தேன்.

---

பத்மினி1978 எழுதியது:

தம்பி, அப்பா செய்வது நல்ல பழக்கம். எங்கள் காலத்தில் ஃபியட் பத்மினியை ஒரு வாரம் நிறுத்தினாலே கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிவிடும், அப்புறம் சோக் இழுத்து இழுத்துக் கை வலிக்கும். அடிக்கடி ஸ்டார்ட் பண்ணினால் ஆயில் மேலே ஏறும், சீல் காயாது, பேட்டரியும் சார்ஜ் ஆகும். ஐந்து நிமிடத்தைப் பத்து நிமிடமாக ஆக்கச் சொல்லுங்கள், போதும்.

---

ஆறாம்கியர் எழுதியது:

பத்மினி சார் சொல்வது அந்த வண்டிகளுக்குச் சரி. உங்கள் பாக்ஸ்டருக்கு அது பொருந்தாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், கோவையில் நிற்கிற வண்டிகளைப் பார்ப்பதே என் வேலையில் பாதி.

முதலில் பேட்டரி. பூட்டி நிறுத்திய வண்டியிலும் அலாரம், கீலெஸ் ரிசீவர், கடிகாரம், கம்ப்யூட்டர்களின் நினைவு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லியாம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், ஒரு மாதத்தில் 36. பேட்டரி 70 ஆம்பியர்-அவர் என்றால் ஒரே மாதத்தில் பாதி காலி. இப்போது அப்பா கதவைத் திறக்கிறார். உடனே எல்லா கம்ப்யூட்டரும் விழிக்கிறது, விளக்கு எரிகிறது, பம்ப் ஓடுகிறது, இன்ஜினை அணைத்துப் பூட்டிய பிறகும் அவை எல்லாம் தூங்கப் போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை இழுப்பு பல மடங்கு. ஐட்லிங்கில் ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குள் போவது ஒன்றிரண்டு ஆம்பியர்-அவருக்கு மேல் இருக்காது. ஆக இரண்டு நாளில் கரைந்ததுகூடத் திரும்பி வருவதில்லை. லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் 12.6, 12.7 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே மாதக் கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. உங்கள் செல்ஃப் இழுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டாவது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சூடான இன்ஜினில் அது ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் போகாது. ஒரு பகுதி சைலன்சருக்குள் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும், ஒரு பகுதி பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலையும் கூடுதலாகத்தான் குடிக்கும், அதில் எரியாத துளி சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே போகும். அப்பா அணைத்த உடனே சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பாருங்கள், கருப்பாக ஈரம் ஒட்டும். நான்கு மாதமாக இரண்டு நாளைக்கு ஒரு தரம் இது நடக்கிறது. தேய்மானத்தில் மோசமான பகுதி குளிர் ஸ்டார்ட், அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, ஓடினால் கிடைக்கிற நல்லது எதையும் வண்டிக்குக் கொடுப்பதில்லை.

அதனால் என் கருத்து இதுதான். ஒன்று, வண்டியை எடுத்து முழுச் சூட்டில் ஓட்ட வேண்டும். இல்லை, முறையாகத் தூங்க வைத்துவிட்டுத் தொடாமல் விட வேண்டும். நடுவில் இருக்கிற இந்த ஐந்து நிமிட உறுமல் வேண்டாம்.

---

கடலோடி981 எழுதியது:

கப்பலில் நாங்கள் செய்வதும் இதேதான் என்று இப்போதுதான் உறைக்கிறது. கப்பலை மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கிற லே-அப் என்றால் ஹாட், கோல்ட் என்று இரண்டு வகை. ஹாட் என்றால் ஆள் இருந்து மெஷினரியை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். கோல்ட் என்றால் எல்லாவற்றையும் பதப்படுத்தி, டீஹியூமிடிஃபையர் வைத்து மூடிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடையாது.

ஆனால் மெயின் இன்ஜினை நாங்கள் டர்னிங் கியர் போட்டு, லூப் ஆயில் பம்பை ஓட்டிக்கொண்டே மெதுவாகத் திருப்பிவிடுவோம், பேரிங் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று. காரில் அது இல்லாததால் நான்கு மாதம் கழித்து முதல் ஸ்டார்ட்டில் பேரிங் காய்ந்து இருக்காதா?

---

ஆறாம்கியர் எழுதியது:

நான்கு மாதத்துக்குக் கவலை வேண்டாம். இன்றைய சிந்தெடிக் ஆயில் பேரிங்கில் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டார்ட் ஆன உடனே ஆக்சிலேட்டரை மிதிக்காமல் அரை நிமிடம் விட்டு, பிறகு மெதுவாக உருட்டிப் போனால் போதும். வருடக் கணக்கில் நின்ற வண்டி என்றால் வேறு கதை.

கிளம்புவதற்கு முன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு, புது ஆயிலில் ஒரு நல்ல ஓட்டு ஓட்டி அப்புறம் நிறுத்துங்கள். பழைய ஆயிலில் ஈரமும் அமிலமும் இருக்கும், அதை மாதக் கணக்கில் பேரிங்கின் மேல் உட்கார விடக் கூடாது. பலர் நிறுத்தி எடுத்த பிறகு மாற்றுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

---

பத்மினி1978 எழுதியது:

ஆறாம்கியர், கணக்கு போட்டுச் சொன்னது புரிந்தது. பேட்டரி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஏசி? ஏசி கம்ப்ரஸரை மாதம் ஒரு தரமாவது ஓட்டாவிட்டால் சீல் காய்ந்து கேஸ் போகும் என்று ஏசி மெக்கானிக்குகள் எல்லோருமே சொல்வார்கள். அதற்கு என்ன பதில்?

---

ஆறாம்கியர் எழுதியது:

அது உண்மை சார். கம்ப்ரஸர் சீலுக்கு ஆயில் போவதே கேஸ் சுற்றும்போதுதான். அதனால்தான் மாதம் ஒரு ஆள் வந்து எடுத்து ஓட்டினால் மிக நல்லது என்கிறேன். ஏசி போட்டு, முக்கால் மணி நேரம், ஆயில் சூடு 90 டிகிரியைத் தாண்டி நின்ற பிறகும் கொஞ்ச தூரம். 981-இல் ஆயில் சூட்டை வலது பக்க டயல் திரையில் பார்க்கலாம். கூலண்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று ஏமாறக் கூடாது, ஆயில் சூடேற அதைவிட வெகு நேரம் ஆகும்.

அந்தப் புழுங்கல் வாடையும் இதோடு சேர்ந்ததுதான். ஏசி காயிலில் ஈரம் இருக்கும்போதே அணைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வீடு வர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். கேபின் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

---

ஸ்காபரோகுளிர் எழுதியது:

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு இது வருடா வருடம் வரும் வேலை. நவம்பரில் ரோட்டில் உப்புப் போடத் தொடங்கினால் என்ரை மஸ்டா மியாட்டா கராஜுக்குள் போகும், ஏப்ரல் மழை ரோட்டைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும். இடையில் ஒருக்காலும் ஸ்டார்ட் பண்ணுவதில்லை. வசந்தத்தில் முதல் திறப்பிலேயே எடுக்கும்.

பற்றறிக்கு மெயின்டெய்னர் என்று ஒரு சின்னச் சார்ஜர் இருக்கிறது, சிடெக், நோகோ போன்றவை. சாதாரணச் சார்ஜரை மாதக் கணக்கில் விட்டால் பற்றறி கொதித்துக் காய்ந்துவிடும். இது நிறைந்தவுடன் தானாகக் குறைத்து, பிடித்து வைத்திருக்கும். உங்கள் பற்றறி ஏஜிஎம் வகையா என்று பார்த்து அந்த மோடில் போட வேண்டும்.

ரயருக்கு: கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவை விட ஏழெட்டு பிஎஸ்ஐ கூட்டிக் காற்றடியுங்கோ, ஆனால் ரயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவுக்கு மேலே போகக் கூடாது. ஒரே இடத்தில் நின்றால் ரயர் தட்டையாகி, ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கும். திரும்ப எடுக்கும்போது காற்றை இறக்க மறக்கக் கூடாது. ஜாக்கி போட்டுத் தூக்கி வைக்கச் சிலர் சொல்லுவினம், சஸ்பென்ஷன் மாதக் கணக்கில் தொங்கிக்கொண்டு கிடந்தால் புஷ் எல்லாம் முறுகி நிற்கும், எனக்கு அது விருப்பமில்லை.

அதோடு, உங்கடை வண்டியும் துணிக்கூரை என்றபடியால் ஒன்று சொல்ல வேண்டும். கூரையில் விழும் தண்ணீர் போக இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும். மியாட்டாவில் அது சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னாலே. இலை குப்பை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கிற இரும்புச் சட்டத்துக்குள் இறங்கி உள்ளுக்குள்ளாலே உக்க வைக்கும், வெளியே தெரியும்போது வெட்டி ஒட்ட வேண்டியதுதான். பாக்ஸ்டரிலும் கூரை மடியும் இடத்தில் அப்படி வடிகால் உண்டு. முதல் தலைமுறை பாக்ஸ்டரான பழைய 986-இல் அது அடைத்துத் தண்ணீர் சீட்டுக்குக் கீழே இருக்கும் கொன்ட்ரோல் பெட்டிக்குள் போய் வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் போவது எல்லோரும் அறிந்த விஷயம். கூரையைப் பாதி திறந்து வைத்து, ரோர்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய நைலோன் கம்பியால் குத்தி விடுங்கோ. கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் கழன்று போகும்.

---

கடலோடி981 எழுதியது:

அண்ணே, இந்த வடிகால் விஷயம் எனக்குப் புதிது. இன்று காலையில் திறந்து பார்த்தேன். வலது பக்கம் சுத்தம். இடது பக்கம் வேப்பம்பூச் சருகும் மண்ணும் சேர்ந்து கஞ்சி மாதிரி அடைத்திருந்தது. மேலே ஸ்லாப் இருந்தாலும் பார்க்கிங் ஓரத்தில் வேப்பமரம், காற்றில் எல்லாம் உள்ளே வருகிறது. நைலான் கம்பி விட்டு எடுத்தேன், ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன், பின்சக்கரத்துக்கு முன்னால் ஒழுகி வந்தது. கார்பெட்டின் அடியில் கை விட்டால் ஜில்லென்று ஈரம். வாடை எங்கிருந்து என்று தெரிந்துவிட்டது.

---

ஆறாம்கியர் எழுதியது:

நல்ல வேளை. கார்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற ஸ்பாஞ்ச் முழுக்கக் காயும்வரை மூடாதீர்கள். மேலே துணி காய்ந்தாலும் ஸ்பாஞ்ச் வாரக் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஃபேன் வைத்து விடுங்கள்.

கவர் விஷயம் கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். கடைத்தெருவில் விற்கிற வெள்ளி நிற பிளாஸ்டிக் கவர் என்றால் தூக்கி எறியுங்கள். சென்னைக் காற்றின் ஈரம் உள்ளே போய் வெளியே வர முடியாமல் பெயிண்டின் மேலேயே உட்காரும். நிழலில் நிற்கிற வண்டிக்குக் காற்றுப் போகிற காட்டன் கவர் போதும், தூசி துடைக்காமல் அதைப் போர்த்தக் கூடாது, கோடு விழும்.

---

பள்ளிக்கரணைவாசி எழுதியது:

எலியைப் பற்றி யாருமே பேசவில்லையே! சென்னையில் நிற்கிற வண்டிக்கு முதல் எதிரி அதுதான். கவர் போட்ட வண்டி என்றால் இருட்டு, கதகதப்பு, தொந்தரவு இல்லை, அதற்கு இன்னும் வசதி. என் பழைய செடானில் ஒரு சென்சார் வயரைக் கடித்து, வண்டியை டோ பண்ணி, வயரிங்கைப் பிரித்துத் தேடி, அந்தச் செலவில் நல்ல செட் டயர் வாங்கியிருக்கலாம்.

பாக்ஸ்டரில் இன்ஜின் நடுவில் இருப்பதால் பானெட்டைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி பார்க்க முடியாது, கடித்தாலும் தெரியாது. நாப்தலின் உருண்டை, புகையிலை எல்லாம் வாடை போகும்வரைதான். எனக்குப் பலன் தந்தது, வண்டியைச் சுற்றி நான்கு மூலையிலும் எலிப்பொறி, பக்கத்தில் குப்பைத் தொட்டியோ நாய்ச் சோறோ இல்லாமல் பார்ப்பது, வாரம் ஒரு தரம் கீழே டார்ச் அடித்துப் புழுக்கை கிடக்கிறதா என்று பார்ப்பது. விஷம் வைக்காதீர்கள், உள்ளேயே போய்ச் செத்தால் நாற்றம் தாங்காது.

இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம், இரண்டிலும் எங்கள் பக்கம் கார்கள் எப்படி மிதந்தன என்று எல்லோரும் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அது அனுபவம் கற்றுக் கொடுத்தது. உங்கள் வண்டி தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. நீங்கள் நடுக்கடலில் இருக்கும்போது ரெட் அலர்ட் வந்தால் யார் எடுப்பது, எங்கே கொண்டு போவது என்று இப்போதே முடிவு பண்ணுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது என்று அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதம் என்று சொல்லி இன்ஷூரன்ஸில் கையை விரிப்பார்கள். இன்ஜின் புரொடெக்ஷன் ஆட்-ஆன் இருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

---

ஸ்காபரோகுளிர் எழுதியது:

இன்ஷூரன்ஸ் என்றவுடன் கேட்கிறேன். இங்கே ஒன்ராறியோவில் குளிர்காலத்துக்கு ரோட்டுக் காப்புறுதியை நிறுத்தி வைத்து, களவு, தீ போன்றதுக்கு மட்டும் வைத்திருக்கலாம், காசு மிஞ்சும். இந்தியாவில் அப்படி முடியாதோ?

---

பள்ளிக்கரணைவாசி எழுதியது:

தேர்டு பார்ட்டியை இங்கே விட முடியாது, சட்டப்படி கட்டாயம். ஆனால் 2022-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, ஓட்டுகிற தூரத்துக்குத் தகுந்த மாதிரி பிரீமியம் வாங்க அனுமதி கொடுத்தது. வருடத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்று சொல்லி எடுத்தால் சொந்தச் சேதப் பகுதியில் குறையும். கடலோடி மாதிரி ஆளுக்குக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டியது. ரின்யூவல் தேதி கப்பலில் இருக்கும்போது வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

நூறுஆக்டேன் எழுதியது:

பெட்ரோல் பற்றி என் பங்கு. இப்போது பெட்ரோல் பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது ஈ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 2014 பாக்ஸ்டர் ஈ10 வரைக்கும்தான் என்று வடிவமைத்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நிற்கிற வண்டியில் அதற்கு நேரமும் நிறைய. ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவது அங்கிருந்துதான். நிறுத்துவதற்கு முன் டேங்க் பாதிக்கும் கீழே வரும்படி ஓட்டிவிட்டு, எத்தனால் கலக்காத நூறு ஆக்டேன் கிடைக்கிற பங்கில் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு கழுத்துவரை நிரப்புங்கள். லிட்டர் விலை அதிகம்தான், ஆனால் நான்கு மாதத்துக்கு ஒரு டேங்க். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை, ஈரத்துக்கும் இடமில்லை.

---

மூன்றாம்வளைவு எழுதியது:

மன்னிக்க வேண்டும், விற்கச் சொல்லவில்லை. ஆனால் டயர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்கிறீர்கள், குறைவாக ஓடியது, அப்படியானால் டயர் எந்த வருடத்தது? பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் முழுசாக இருக்கிறது என்று பார்த்து ஏமாறுவது இந்த மாதிரி வண்டிகளில்தான் நடக்கும். மற்ற காரில் டயர் தேய்ந்து மாற்றுவோம், இதில் தேயாமலேயே ரப்பர் இறுகி, ஈரத் தரையில் பிடி இல்லாமல் போகும்.

2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் அந்த போர்ஷே கரேரா ஜிடியின் டயர்கள் ஒன்பது வருடப் பழையவை என்று விசாரணையில் வந்தது. காரணம் வேகம்தான் என்று முடிவு சொன்னார்கள், ஆனால் அந்தப் பழைய டயர் வண்டியின் பிடியைப் பாதித்திருக்கலாம் என்பதும் அதே விசாரணையில் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து நான் ஆறு வருடம் தாண்டிய டயரோடு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு யாரையும் இறங்க விடுவதில்லை.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தால் 155-க்கு இறங்கிவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம், ஓடோமீட்டரைப் பார்க்காமல்.

---

ஆறாம்கியர் எழுதியது:

மூன்றாம்வளைவு சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். நிற்கிற வண்டிக்காரர்கள் எல்லோரும் கிலோமீட்டரைப் பார்த்து, "ரெண்டாயிரம்தான் ஓடியிருக்கு, சர்வீஸ் எதுக்கு" என்பார்கள். இந்த வகை வண்டிகளுக்குக் கெடு காலத்தில்தான். உங்கள் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்குக்கே நான்கு வருடம். ஃபெராரி எஃப்355 வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒரு தரம் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும், அதற்கு இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வெயிலும் ஈரமும்தான் தெரியும். உங்கள் இன்ஜினில் செயின், அந்தத் தலைவலி இல்லை. கதவு ரப்பருக்கு மட்டும் சிலிகான் ஜெல் தடவிவிடுங்கள், ஒட்டிக்கொண்டு கிழியாமல் இருக்கும்.

டிஸ்க் துரு: கடைசி நாள் வண்டியைக் கழுவிவிட்டு அப்படியே நிறுத்தாதீர்கள், ஒரு பத்து நிமிடம் பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டிக் காய வைத்து நிறுத்துங்கள். பி-யில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். உங்கள் ஊர்க் கடல்காற்றில் மாதக் கணக்கில் பிரேக் பிடித்தபடி நின்றால் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

---

கடலோடி981 எழுதியது:

டயரைப் பார்த்தேன், பின்பக்கம் இரண்டும் எட்டு வருடம் ஆகப்போகிறது. முன்பக்கம் புதியவை. பின்னால் இரண்டும் மாற்றிவிடுகிறேன். பிரேக் ஆயில், பிளக், கேபின் ஃபில்டர் மூன்றும் இந்த வாரம்.

மெயின்டெய்னருக்கு அசோசியேஷனில் கேட்டேன். பொது லைனில் இருபத்து நான்கு மணி நேரமும் காருக்கு கரண்ட் எடுப்பதா என்று ஒரு மாமா எதிர்க்கிறார். இன்னொன்று, மாதம் ஒரு தரம் யார் ஓட்டுவது என்பதும் தெரியவில்லை. நண்பன் ஒருவன் இருக்கிறான், நல்ல ஓட்டுநர், அடையாறு. சர்வீஸ் சென்டரிலிருந்தும் ஆள் வந்து எடுப்பார்களாம்.

பிறகு அப்பா. இனி ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. அவருக்கு இது நான் ஊரில் இல்லாதபோது எனக்காகச் செய்கிற ஒரு காரியம். அதை எப்படிப் பிடுங்குவது என்று தெரியவில்லை.

---

பத்மினி1978 எழுதியது:

தம்பி, பிடுங்க வேண்டாம், மாற்றிக் கொடுங்கள். நானும் அந்த வயதுதான். வாரம் இரண்டு தரம் மெயின்டெய்னரில் பச்சை விளக்கு எரிகிறதா, வண்டிக்குக் கீழே ஆயில் சொட்டு இருக்கிறதா, எலிப்புழுக்கை கிடக்கிறதா, டயர் காற்று இறங்கித் தெரிகிறதா, வடிகால் பக்கம் இலை சேர்ந்திருக்கிறதா, இவ்வளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டில் குனிந்து உட்கார வேண்டியதில்லை. பார்த்ததை ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பட்டும். ஐந்து நிமிடம் இன்ஜின் ஓடுவதை விட அவர் கண் வண்டிக்கு அதிகப் பயன்.

---

ஆறாம்கியர் எழுதியது:

பத்மினி சார் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஓட்டுவதற்கு நண்பரைத்தான் சொல்வேன். ஒரே ஆள், வண்டியின் சத்தம் பழகிய ஆள். யார் யாரோ வந்து எடுத்தால் ஆயில் சூடேறும் முன்பே மிதிப்பார்கள், ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏற்றி அடியைத் தட்டுவார்கள், பிறகு யாரைக் கேட்பீர்கள். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஈசிஆரில் போய்விட்டு, வெயில் ஏறும் முன் திரும்பச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் ஒரு தரம் அலசி, நான் சொன்ன மாதிரி பிரேக் பிடித்துக் காய வைத்து நிறுத்தட்டும். அது முடியாத மாதம் தொடாமலே இருக்கட்டும், தவறில்லை. ஆனால் அரை மனதாகத் தெருமுனை வரை போய்த் திரும்புவது மட்டும் கூடாது.

அசோசியேஷன் மாமாவுக்குக் கணக்கைக் காட்டுங்கள். பேட்டரி நிறைந்த பிறகு மெயின்டெய்னர் எடுப்பது ஐந்து வாட்டுக்குப் பக்கம். மாதம் நான்கு யூனிட்கூட ஆகாது. அதுவும் வேண்டாம் என்றால் உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே ஒரு லைன் இழுத்து, தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள், யாருக்கும் பேச்சில்லை.

அப்புறம் நண்பருக்கு இதைக் காட்டிக் கொடுங்கள், அவசரத்தில் தேடினால் கிடைக்காது: உங்கள் வண்டியில் பேட்டரி முன் டிக்கிக்குள், அந்த டிக்கியின் பூட்டு மின்சாரத்தில். பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. கால் வைக்கிற இடத்தில் இருக்கிற ஃபியூஸ் பெட்டி மூடியைக் கழற்றினால் சிவப்பாக ஒரு முனை இருக்கும், அதை வெளியே இழுக்க வரும். வேறொரு பேட்டரியின் பாசிட்டிவை அதிலும், நெகட்டிவைக் கதவுப் பூட்டு மாட்டுகிற இரும்புக் கொக்கியிலும் கொடுத்தால் டிக்கி திறக்கும். திறப்பதற்கு மட்டும்தான், அதிலிருந்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணப் பார்க்கக் கூடாது, அந்த வயர் தாங்காது.

---

கடலோடி981 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வீட்டு மீட்டரிலிருந்து லைன் இழுக்க எலக்ட்ரீஷியன் நாளை வருகிறார். நண்பனைக் கூப்பிட்டு டிக்கி விஷயத்தைச் செய்து காட்டிவிட்டேன், அவனும் ஒரு தரம் செய்து பார்த்தான். ரெட் அலர்ட் வந்தால் அவன் வந்து எடுத்து, அவன் மாமனார் வீட்டு மேடான போர்டிகோவில் விடுவதாகப் பேச்சு. அப்பா இன்று காலையிலேயே டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார், இரண்டு போட்டோ வந்தது, ஒன்றில் பக்கத்து வண்டியின் ஆயில் கசிவையும் சேர்த்து எடுத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. பிளக் பாயிண்டைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைக்கச் சொல்வது? மெயின்டெய்னரைக் கீழே வைக்கலாமா?

---

பள்ளிக்கரணைவாசி எழுதியது:

கீழே வைக்கவே வைக்காதீர்கள். 2015-இல் உங்கள் ஸ்டில்ட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள், சுவரில் கறை இன்னும் இருந்தாலும் இருக்கும். அதற்கு மேலே ஒரு அடி கூட்டிப் பாயிண்ட் வையுங்கள், மெயின்டெய்னரையும் அதே உயரத்தில் சுவரில் மாட்டிவிட்டு, வயர் மட்டும் வண்டிக்கு இறங்கட்டும். எலி கடிக்காமல் அந்த வயரை ஒரு ஃபிளெக்சிபிள் பைப்புக்குள் விடச் சொல்லுங்கள். லைனில் எம்சிபியோடு, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற ஒரு ஆர்சிசிபியும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் குழந்தைகள் ஓடுகிற இடம் அது.